அசையாத மெத்தை

எங்கள் பழைய மெத்தை இலவம்பஞ்சு. கல்யாணமான மறு வருடம் வாங்கியது. காலப்போக்கில் அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் இருவரும் அந்தப் பள்ளத்துக்குச் சரிந்து வந்து, முதுகோடு முதுகு ஒட்டிக் கிடப்போம். அவர் இருமினாலும் கையை மாற்றி வைத்தாலும் எனக்குத் தெரியும்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். பூண்டுக் காட்டில் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்துவிட்டு, அலுப்பில் அரைச் சாப்பாட்டோடு படுத்துவிட்டால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். உடம்பு நடுங்கும். அந்த நடுக்கம் மெத்தை வழியாக என் முதுகுக்கு வரும். எதற்காக விழித்தேன் என்று புரிவதற்கு முன்பே என் கை அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கும். எங்கள் மலையூர் கூக்கால் குளிரில் யாருக்கும் தூக்கத்தில் வேர்க்காது. சட்டை நனைந்திருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா இருக்கும். கரைத்துக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, உதட்டோரம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்க, என்னைத் திட்டத் தொடங்குவார். திட்டினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். கொடைக்கானல் ஆஸ்பத்திரி வெகு தூரம், பஸ்ஸும் குறைவு. அந்த டப்பாவை வைத்துத்தான் சமாளித்துவந்தோம்.

மெத்தையை மாற்றியது என் முதுகுக்காக. பூண்டு நட்டும் களையெடுத்தும் கெட்டுப்போன முதுகு. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். பள்ளத்தில் படுப்பதால்தான் இப்படி, கெட்டியான மெத்தையாக வாங்குங்கள் என்று டாக்டர் சொன்னார். பூண்டு விற்ற கையோடு கொடைக்கானலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மெத்தையின் ஒரு மூலையில் தண்ணீர் நிறைந்த தம்ளரை வைத்துவிட்டு, மறு மூலையில் தொப்பென்று உட்கார்ந்து காட்டினார். தண்ணீர் அலுங்கவே இல்லை.

“ஐயா எவ்வளவு புரண்டாலும் அம்மாவுக்கு டிஸ்டர்ப் ஆகாதுங்க,” என்றார்.

“அப்ப இனிமே இவகிட்ட வாங்குற திட்டு மிச்சம்,” என்றார் இவர். அங்கேயே முடிவாகிவிட்டது. தம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் நானும் நின்றிருந்தேன். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

பாய் போலச் சுருட்டிக் கட்டியிருந்த மெத்தையைப் பூண்டு ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிய ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தோம். பிரித்ததும் உப்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குளிரில் அது விறைத்துக்கொண்டு பலகையாகக் கிடந்தது. உப்புவதற்கு இரண்டு நாள் ஆனது.

பழைய மெத்தையை மாட்டுக் கொட்டகையில் போடுவதுதான் வழக்கம். ஆனால் அடியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மழைக்கு முன்னால் சோலியை முடித்துவிடலாம் என்று அவர் அதைக் காட்டு வரப்புக்கு இழுத்துப்போய்க் கொளுத்தினார். ஈரப் பஞ்சு லேசில் எரியவில்லை. வெள்ளைப் புகை கெட்டியாகக் கிளம்பி, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்படி நின்றது.

எங்கள் ஊரில் வரப்போரம் மெத்தை எரிந்தால் அதற்கு ஒரே காரணம்தான். இது எங்கள் இருவருக்குமே அந்த நேரம் தோன்றாமல் போனது. கீழ்க் காட்டுக்காரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மேடேறி ஓடிவந்தாள். பின்னால் இன்னும் சிலர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் கேட்டாள்: “எப்ப?”

புகைக்கு அந்தப் பக்கம் கோலோடு நின்றிருந்த அவர் எட்டிப் பார்த்தார்.

“வெள்ளனேதான் போனேன், தாயீ. காரியத்துக்கு மறக்காம வந்துரு.”

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, “வாயக் கழுவுங்க மொதல்ல. வெளங்குமா இது?” என்று சொல்லிவிட்டு, நான் கூப்பிடக் கூப்பிடக் காப்பி குடிக்காமலே இறங்கிப் போனாள். அவர் அன்று பொழுது சாயும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதிய மெத்தையில் என் முதுகு தேறியது. காலையில் வலியில்லாமல் எழுந்தேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். அவருக்குத்தான் அது ஒத்துவரவில்லை. ஆளுக்கொரு கம்பளியில், ஆளுக்கொரு ஓரத்தில், இடையில் ஒரு கை அகலம் இருக்க, மெத்தை அவரவர் உடம்பைத் தனித்தனியே பதித்து வைத்துக்கொண்டது.

“ஒத்தையில படுத்த மாதிரியே இருக்கு,” என்று ஒரு காலையில் சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

பனி விழத் தொடங்கிய ஒரு விடியலில் நான் எழுந்து அடுப்பு மூட்டினேன். காப்பி போட்டு முடித்துக் கூப்பிட்டேன். வழக்கமாக எனக்கு முன்னாலேயே எழுந்து வெளியே நிற்பவர். குளிருக்குச் சுகமாகத் தூங்குகிறார் என்று நினைத்துத் தம்ளரை மூடி வைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தும் எழவில்லை. அப்போதுதான் கம்பளியை விலக்கினேன். சட்டை, தலையணை, விரிப்பு எல்லாம் நனைந்து சில்லிட்டிருந்தன. கண் பாதி திறந்திருந்தது. மெத்தையில் கை வைத்தேன். அது அசையாமல் கிடந்தது. அவர் மேல் கை வைத்த பிறகுதான் நடுக்கம் தெரிந்தது.

கரைத்துக் கொடுத்தால் விழுங்கவில்லை. பொடியைத் தொட்டு ஈறில் தடவினேன். ஜீப் கிடைத்து, மன்னவனூர்ப் பிரிவு தாண்டி, பூம்பாறை தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் தலை என் மடியில் இருந்தது. எத்தனை நேரமாக இப்படி இருந்தார் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

“பக்கத்துலதான படுத்திருந்தீங்க?”

ஆமாம் என்றேன். மெத்தை புதியது என்று சொன்னேன். டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிழைத்துவிட்டார். ஆனால் ஆள் முழுதாகத் திரும்பவில்லை. சாமான்களின் பெயர் வாய்க்கு வருவதில்லை. மண்வெட்டியை ‘அது’ என்கிறார். ஊசியின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள், படுக்கும் முன் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாம் செய்கிறோம். இன்னொரு தடவை இவ்வளவு இறங்கினால் தாங்காது என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அதன் பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரவில்லை. விழிப்புத் தட்டும்போதெல்லாம், “ஏங்க, இருக்கீங்களா?” என்று கேட்பேன்.

“எங்க போறது. காலைலதான பஸ்ஸு,” என்பார். சில வாரம் அப்படியே போனது. பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. “பொணத்துக்குக் காவல் இருக்குற மாதிரி இருக்காத புள்ள,” என்று ஒருநாள் கோபமாகச் சொன்னார். நான் கேட்பதை நிறுத்தினேன். அப்போது அவர் கேட்கத் தொடங்கினார். நான் சத்தமில்லாமல் தூங்கினால் அவருக்குப் பயம். அந்த மெத்தை எங்கள் இருவரையுமே ஒருவருக்கொருவர் இல்லாமல் ஆக்கியிருந்தது.

தை பிறந்ததும் ஒரு பகலில், அவரே மெத்தையைக் கட்டிலிலிருந்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினார். கட்டிலின் பலகைமேல் ஜமுக்காளமும் பழைய கம்பளியும் விரித்தார்.

“ஒன் முதுகு?” என்று கேட்டார்.

“கெடக்கட்டும்.”

பலகையில் எல்லாம் தெரிகிறது. அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிகிறது. முதுகு மட்டும் பழையபடி, இல்லை, பழையதைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது. விழித்துக்கொள்கிறேன், ஆனால் உடனே எழுந்து உட்கார முடிவதில்லை. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு முழங்கையை ஊன்ற வேண்டும், பிறகு காலைத் தொங்கவிட வேண்டும். அதற்குள் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். குளுக்கோஸ் டப்பாவைத் தலைமாட்டிலிருந்து எடுத்து எங்கள் இரண்டு தலையணைக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். மூடியை இறுக்குவதில்லை.

மெத்தை இன்னும் சுவரோரம்தான் நிற்கிறது. நேற்று காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது கதவு வழியாக அதைப் பார்த்தார். பெயர் தேடினார், கிடைக்கவில்லை.

“அது... இடத்த அடச்சுக்கிட்டு கெடக்கு. கொளுத்திரவா?”

“வேணாங்க,” என்றேன். “ஊரு வந்துரும்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கீழ்க் காட்டில், அன்று புகையைப் பார்த்து ஓடிவந்தவள் களையெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.