ஹிரோஷிமாவில் என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயந்து அல்ல, பொழுது வீணாகிறதே என்றுதான். நாமகிரிப்பேட்டையில் எங்களுக்கு மஞ்சள் மண்டி. மூட்டையின் வாயில் அருமையான விரலி மஞ்சளாக இருக்கும், அடியில் சொத்தையைப் போட்டு அமுக்கியிருப்பார்கள். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்த பிறகுதான் நான் பேசவே ஆரம்பிப்பேன். இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று என் மகள் கோகிலா சொல்வாள். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் பாதியிலேயே கிளம்பியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு ஜப்பானில், ஹிரோஷிமாவில், ஒரு கார் கம்பெனியில் வேலை. கோகிலாவுக்கு முதலில் தங்கியது நான்காம் மாதமே கலைந்துவிட்டது. இரண்டாவது தங்கியபோது அங்கே டாக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதானே முறை. மகள் வர முடியாது என்றால் தாய்வீடுதான் அங்கே போக வேண்டும் என்று நானே மூட்டை கட்டினேன். சுக்கு, மிளகு, பூண்டு, பிரசவ லேகியம், எங்கள் மண்டி மஞ்சள் தூள், கோகிலா சின்ன வயதில் குடித்த எவர்சில்வர் டம்ளர், எல்லாம் பெட்டியில் ஏறின. எனக்கு இருந்த ஒரே வேண்டுதல் என் பிள்ளையும் அவள் வயிற்றில் இருப்பதும் முழுசாகப் பிழைக்க வேண்டும் என்பதுதான். வேறு எதுவும் எனக்குப் பெரிதில்லை.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணுகுண்டு போட்டு மொத்தமாக எரிந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா, நான் ஏதோ இடிந்த சுவர்களையாவது பார்ப்போம் என்று போனேன். போய்ப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. அகலமான சாலை, வரிசையாக மரம், கண்ணாடி கண்ணாடியாகக் கட்டடம், ஊருக்குள்ளேயே ஆறு ஆறாக ஓடுகிறது. ஒரே ஒரு கூடு மாதிரியான கட்டடத்தை மட்டும் உடைந்தபடியே விட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. விற்பதற்கு முன்னால் விரிசல் தெரியாமல் வெள்ளையடித்த வீட்டுக்குள் நடப்பது மாதிரி இருந்தது.

ஆற்றோரப் பூங்காவில் ஒரு பெண் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை ஒரு கல்லின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள். சாமி கல்லா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"இல்லீங்க அத்தை. குண்டு போட்ட அன்னைக்கு உடம்பெல்லாம் வெந்தவங்க தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். குடுத்தா செத்துருவாங்கன்னு சொல்லி நெறையப் பேருக்குக் குடுக்கலையாம். எப்படியும் செத்துத்தான் போனாங்க. அதான் இன்னைக்கும் ஊத்தறாங்க."

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நிறைமாதக்காரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று மாப்பிள்ளை மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

பிரசவம் ஆபரேஷனில் முடிந்தது. பெண் குழந்தை, நல்ல கனம். ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் என் ராஜ்ஜியம் செல்லவில்லை, நர்சுகள் வைத்ததுதான் சட்டம். வீட்டுக்கு வந்த பிறகு என் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டோம். வயிறு ஊதிவிடும், புண் ஆறாது. காய்ச்சிய தண்ணீர் வாய் நனைய ஒரு மடக்கு, அதோடு சரி. என் அம்மா எனக்கு அப்படித்தான் செய்தாள், நான் கெட்டா போய்விட்டேன்? மாப்பிள்ளை லேசாக ஆரம்பித்தார், டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று.

"உங்க டாக்டருக்கு எத்தன பிரசவம் தெரியுமோ எனக்குத் தெரியாதுங்க மாப்பிள்ளை. எம்புள்ள ஒடம்பு எனக்குத் தெரியுமுங்க," என்றேன். 

முதலில் கோகிலா கெஞ்சினாள். "ஒரே ஒரு வாய் தண்ணிம்மா" என்று பகலெல்லாம் அதே பேச்சு. எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது, இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். திடீரென்று ஒரு நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தாகத்தில் கிடப்பவள் தானாக எப்படி அடங்குவாள்? கிட்டே போய்ப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்த உதடு பளபளவென்று இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் எவர்சில்வர் டம்ளர், உள்ளே ஈரம்.

சந்தேகம் நேராக மாப்பிள்ளை மேல்தான் போனது. ஆனால் அவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். வாசல் கதவின் பூட்டைப் பார்த்தேன், பூட்டியபடி இருந்தது. பக்கத்து வீட்டில் சிரித்துச் சிரித்துக் குனிகிற ஒரு பெண் இருந்தாள், அவளையும் விடவில்லை, சாவியைக் காட்டி, இதில் ஒன்று அவளிடமும் இருக்கிறதா என்று சைகையிலேயே விசாரித்தேன். இல்லை என்று கையை ஆட்டினாள். சாயந்திரம் மாப்பிள்ளை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, எனக்குத் தெரியாம வந்து தண்ணி குடுத்துட்டுப் போறீங்களா?"

"ஐயோ, நான் கம்பெனியில இருந்து இப்பத்தானுங்க அத்தை வாரேன்."

கோகிலாவிடம் போய் நின்றேன். "ஆருடி குடுத்தா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீதானேம்மா குடுத்த. தலையைத் தடவிக் குடுத்துட்டு, மெதுவாக் குடின்னு புடிச்சுக்கிட்டே இருந்தியே."

நான் கொடுக்கவில்லை. சத்தியமாகக் கொடுக்கவில்லை. மயக்கத்தில் உளறுகிறாள், இல்லை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள், இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டினேன்.

மண்டியில் முன்பு ஒரு கள்ளக் கையை நான் எப்படிப் பிடித்தேன் என்று எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். அன்று மண்டிப் பூட்டின் மேல் மஞ்சள் தூளைத் தூவி வைத்திருந்தேன். மஞ்சள் பட்ட கையை எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் மாப்பிள்ளை கிளம்பியதும் அதையேதான் செய்தேன். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், பிரிட்ஜின் கைப்பிடி எல்லாவற்றிலும் மெல்லிசாகத் தூவினேன். டம்ளரைத் துடைத்து, தையல் போட்ட வயிற்றுக்காரி கை தூக்கி எடுக்க முடியாத மேல் அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். வாசல் கதவைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல வெயில், ஜன்னல் வழியாகத் தரையெல்லாம் வெளிச்சம். தூங்கிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். கண்ணை மூடவே இல்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே கோகிலா யாருக்கோ பதில் சொல்வது மாதிரி "போதும்" என்றாள்.

குழந்தையோடு எழுந்து ஓடினேன். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள், வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் டம்ளர், அதில் பாதித் தண்ணீர். நம்பினால் நம்புங்கள், அவள் கையை இழுத்துப் பார்த்தேன், நகக்கண் வரை சுத்தம். குழாய்களைப் போய்ப் பார்த்தேன், பிரிட்ஜைப் பார்த்தேன். தூவிய மஞ்சள் தூவியபடி, ஒரு விரல் பட்ட அடையாளம் இல்லை. குழாயைத் தொடாமல் தண்ணீர் எங்கிருந்து வரும்?

அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மாறி மாறிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள், ருசி ஏமாற்றாது. அது குழாய்த் தண்ணீர் இல்லை, பாட்டில் தண்ணீரும் இல்லை. சில்லென்று, லேசாக மண் வாசத்தோடு, அப்போதுதான் சேந்திய கிணற்றுத் தண்ணீர். அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருந்தது ஏழாவது மாடி.

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் யாரோ ஒருவரின் வீடுதானே இருந்திருக்கும் என்று தோன்றியது. பச்சை உடம்பு, பச்சைக் குழந்தை, ரெண்டையும் ஏதோ ஒன்று சுற்றுகிறது. ஒரு பிள்ளையை ஏற்கனவே பறிகொடுத்தவள் என் மகள். எதுவாக இருந்தாலும் விரட்டியே தீர வேண்டும் என்று கிளம்பினேன்.

உப்பு, மிளகாய் இருந்தது. தெரு மண் வேண்டும். கீழே இறங்கித் தேடினால் அந்தத் தெருவில் பிடி மண் கிடையாது, எல்லாம் கல்லும் தாருமாகப் பூசி வைத்திருக்கிறார்கள். கடைசியில் வாசலில் இருந்த பூந்தொட்டியில் சுரண்டி எடுத்தேன். தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றி, வாணலியில் போட்டுக் கொளுத்தினேன். "நீ ஆரா இருந்தாலுஞ் செரி, எம்புள்ளையத் தொடாத. இவளுக்கு நான் இருக்கேன். போயிரு" என்று வாய்விட்டே சொன்னேன். அத்தனை மிளகாய் கருகியும் துளி நெடி இல்லை, எங்களில் ஒருவரும் தும்மவில்லை. ஆனால் கூரையில் இருந்த புகை மணி வீறிட்டுக் கத்த ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, நான் வாணலியும் கையுமாக நின்று, அவள் ஜப்பானிய மொழியில் கேட்க நான் தமிழில் ஒன்றுமில்லை என்று சொல்ல, பெரிய கூத்தாகிப் போனது. இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அதற்குப் பிறகு டம்ளர் நனையவே இல்லை. கோகிலா பழையபடி தண்ணீர் கேட்டுக் கெஞ்ச ஆரம்பித்தாள். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கெஞ்சலைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தொலைந்தது சனியன், பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று இருந்தது. வழக்கம்போல ஒரு மடக்கு கொடுத்தேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் குழந்தை அழுதழுது தொண்டை கட்டிவிட்டது, அவளிடம் பால் இறங்கவில்லை. கோகிலாவின் உடம்பு கொதித்தது. "என்ன சாமி பண்ணுது?" என்று முகத்தைத் திருப்பினால் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. என்னை யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை. "அவங்களக் கூப்பிடு, அவங்களக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஆம்புலன்சோடு வந்தார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், முகத்தில் கோபத்தைக் காட்டாமல்தான் பேசினார். மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார், உடம்பில் தண்ணீரே இல்லையாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் உறைந்து ஆள் தேறியிருக்க மாட்டாளாம். ஆபரேஷன் ஆனவள், பால் கொடுப்பவள், இவ்வளவு நாள் எப்படித் தாக்குப் பிடித்தாள், வேறு யாராவது தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்களா என்று டாக்டர் கேட்டாராம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் தேறியது. நான் கிளம்புகிற வரைக்கும் கேட்காமலே அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், என் கையால். அவளும் வாங்கிக் குடித்தாள். அந்த மத்தியானங்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து மண்டியைப் பார்க்க ஆரம்பித்ததும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவளே எழுந்து போய்த் துணி சுற்றிய கையால் குழாயைத் திறந்திருப்பாளோ, மாப்பிள்ளை கதவுக்கு வெளியே ஏதாவது ஏற்பாடு செய்திருப்பாரோ என்று எத்தனையோ விதமாக ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் சரிப்படவில்லை. அந்த ருசிதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

இப்போது கோகிலாவுக்கு மறுபடியும் மாதம் ஏறியிருக்கிறது. போன வாரம் போனில் கூப்பிட்டேன். இந்தத் தடவை டாக்டர் ஒன்றும் தடை சொல்லவில்லை, அஸ்தம்பட்டியில் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து வைத்திருக்கிறேன், கிளம்பி வந்துவிடு என்றேன்.

"வேண்டாம்மா. இங்கேயே பாத்துக்கறேன்."

"செரி, அப்ப நான் வாரேன்."

"நீயும் வர வேண்டாம்மா."

மாப்பிள்ளைக்கு அந்தச் சமயத்தில் வெளியூர் வேலை இருக்கிறது என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். "அவரும் இல்லாம, பச்சப்புள்ளையும் கையுமா ஒன்ன ஆருடி பாத்துக்குவா?" என்று சத்தம் போட்டேன்.

 கோபமே இல்லாமல், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"நீ வந்தா அவங்க வர மாட்டாங்கம்மா."

 பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஆனாலும் அவங்க என்றால் யார், இன்னும் வருகிறார்களா, என்ன முகம், என்ன வயசு, ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையின் அடி வரை கை விடாமல் நான் விட்டது அது ஒன்றுதான்.

நேற்று மாப்பிள்ளைக்குத் தனியாகப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், அவள் தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாளா என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாக் குடிக்கறாளுங்க அத்தை," என்றார்.

யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.