மூவாயிரத்து இருநூறு முழங்கால்கள்

அந்தப் பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று கட்டில்கள், ஒரு எடை மெஷின், மிதித்தால் கீச்சிடும் ஒரு சைக்கிள், வாசலுக்கு எதிரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லாரும் லிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரும் கண்டுகொள்ளவில்லை. டோக்கன் கொடுப்பதும் போன் எடுப்பதும்தான் வேலை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, டாக்டர் நடக்க வைத்தவர்களைவிட அக்கா நடக்க வைத்தவர்கள் அதிகம். இதை டாக்டரே ஒத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். கால் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் பத்து நாள் ஒழுங்காக வருவார்கள். அப்புறம் வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் டிவி இருக்கிறது, சோபா இருக்கிறது, பயிற்சிக்கு மட்டும் நேரம் இருக்காது. மூன்று மாதம் கழித்து அதே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல ஐம்பத்திரண்டு பயிற்சிகளை எழுதிக்கொண்டார். எப்போது சேர்ந்தாலும் முதல் பயிற்சியிலிருந்து தொடங்கி, புதன்கிழமைதோறும் ஒரு இமெயில், அதில் ஒரே ஒரு பயிற்சி. டாக்டரின் பெரிய பெரிய வார்த்தைகளைத் தூக்கிக் கடாசிவிட்டு, "பாத்திரம் தேய்க்கிறப்ப சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்குங்க" என்று எழுதினார்.

முதல் புதன்கிழமை நாற்பத்தோரு பேர். நாலு வருஷத்தில் மூவாயிரத்து இருநூறு. இதற்காக அவர் யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டவில்லை. கடிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: உங்க தெருவுல யாராவது நொண்டிட்டு இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. நொண்டுகிறவர்களுக்கா பஞ்சம்? அண்ணன் தங்கைக்கு அனுப்பினார், மாமியார் சம்பந்தியம்மாளுக்கு அனுப்பினார், பட்டியல் தானாக ஊர் விட்டு ஊர் போனது.

ஆனால் அதில் சேர்வது அவ்வளவு சுலபமில்லை. பெயர் கொடுத்தவருக்கு முதலில் ஒரு கேள்வி போகும்: எந்தக் கால், எப்படி விழுந்தீங்க? பதில் எழுதினால்தான் இடம். "பதில் போடவே சோம்பல்படறவங்க காலைத் தூக்கவா போறாங்க?" என்பார் அக்கா. விலகுவதற்கான பட்டனை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடைசியில் ஒளித்து வைப்பார்கள். அக்கா அதைத் தலைப்புக்குக் கீழேயே கொட்டை எழுத்தில் வைத்தார்: நான் நல்லா நடக்கறேன், போதும். யாராவது அதை அழுத்திவிட்டால் அன்று முழுக்க அக்காவைக் கையில் பிடிக்க முடியாது.

அப்போதுதான் டாக்டரின் மருமகன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. சுறுசுறுப்பானவர், அதுதான் தொல்லை.

"விலகற பட்டனைப் போய் மேல வச்சிருக்கீங்களேக்கா! லிஸ்ட் எப்படி வளரும்?"

"நடக்க ஆரம்பிச்சவங்களைப் பிடிச்சு உட்கார வைக்கணுமா, மாப்பிள்ளை சார்?"

தங்கையின் பிரசவத்துக்காக அக்கா ஒரு வாரம் லீவில் போய்த் திரும்பியபோது மேசைமேல் கேக் இருந்தது. மாப்பிள்ளை எங்கிருந்தோ இருபதாயிரம் முகவரிகளை வாங்கி, அக்காவின் பட்டியலோடு கலந்து, எல்லாருக்கும் கடிதமும் அனுப்பியிருந்தார்.

"இருபத்து மூவாயிரம்க்கா!" என்று முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"யாரு இவங்கல்லாம்?"

"சப்ஸ்கிரைபர்ஸ்."

"கால் வலிக்குதுன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

மாப்பிள்ளை கேக்கை நீட்டினார்.

வழக்கமாகப் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அறுபது எழுபது பதில்கள் வந்துவிடும். வலிக்கிறது, வலிக்கவில்லை, நாய் குறுக்கே வந்தது என்று ஏதாவது எழுதுவார்கள். அந்தப் புதன்கிழமை நாலு வந்தது. அடுத்த வாரம் இரண்டு. எல்லாரும் லீவில் இருப்பார்கள் என்றார் மாப்பிள்ளை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் காரணமும் புரியவில்லை.

நாலாவது வாரம் ஒரு பஸ் டிரைவர் கைத்தடியோடு வந்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"ஒன்பதாவது பயிற்சிதான்க்கா. படுத்துக்கிட்டு காலை நேரா தூக்கறது."

"அதை ஒரு வாரந்தானே செய்யணும்?"

"பத்தாவதை நீங்க சொல்லவே இல்லையே. அதான் நாலு வாரமா இதையே செஞ்சுட்டு இருக்கேன். பத்து தடவை போதலையோன்னு நூறாக்கிட்டேன். க்ளட்ச் மிதிக்கிற கால்க்கா, சீக்கிரம் சரியாகணுமே!"

அவருடைய போனை வாங்கிப் பார்த்தார் அக்கா. நாலு கடிதங்களும் ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டியில், லாட்டரிப் பரிசுகளுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவே கிடந்தன. கேட்காத கடிதம் வந்த கடுப்பில் அந்த இருபதாயிரத்தில் பலர் 'இது குப்பை' என்று அழுத்தியிருக்கிறார்கள். மெயில் கம்பெனிகளும் அதை நம்பிவிட்டன. அந்த நேரம் பார்த்துக் கடிதம் அனுப்பும் சேவையிலிருந்து எச்சரிக்கையும் வந்தது: இன்னொரு முறை இத்தனை புகார் வந்தால் கணக்கு மூடப்படும்.

அக்கா கைத்தடியையும் வீக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் பக்கத்துத் தெரு, தடியை ஊன்றியாவது வந்துவிட்டார். கண்காணாத ஊர்களில் காலை நீட்டிக்கொண்டு புதன்கிழமைக்காகக் காத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது?

டிரைவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நேரே மாப்பிள்ளையிடம் போனார். "டாக்டர் வீட்டு மாப்பிள்ளையாச்சேன்னு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். இனிமே முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க."

இரண்டு பட்டியல்களும் பாலும் தண்ணீருமாகக் கலந்து கிடந்தன. பிரிக்க ஒரே வழிதான் இருந்தது. சேரும்போது ஒவ்வொருவரும் எழுதிய பதில்கள் அக்காவின் மெயிலில் பத்திரமாக இருந்தன. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் படிக்க, அக்கா முகவரியைப் புதுப் பட்டியலில் ஏற்றினார்.

"வலது கால். பஸ்ல இருந்து இறங்கறப்ப."

"போட்டாச்சு."

"இடது. பேத்தியோட பந்து விளையாடினேன், வயசு எழுபது, சிரிக்காதீங்க."

"போட்டாச்சு."

"ரெண்டு காலும். எப்படின்னு சொல்ல இஷ்டமில்லை." மாப்பிள்ளை நிறுத்தினார். "இவங்க... இப்ப எப்படி இருக்காங்கக்கா?"

"முப்பதாவது பயிற்சியில இருந்தாங்க. இப்ப தெரியல. அடுத்ததைப் படிங்க."

பதினைந்து நாள், மத்தியான இடைவேளை முழுக்க இதே வேலை. மூவாயிரத்து இருநூறு பேர் விழுந்த கதையைச் சலிக்காமல் ஒருத்தர் கேட்டு, ஒருத்தரைக்கூட விடாமல் திரும்பச் சேர்த்தார் என்றால், அந்தப் பொறுமைக்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாப்பிள்ளை சப்ஸ்கிரைபர்ஸ் என்று சொல்வதை விட்டுவிட்டார். "அந்தப் பந்து விளையாடினவர்" என்றுதான் சொன்னார்.

முதலில் ஐம்பது பேருக்கு மட்டும் அனுப்புவது என்று அக்கா முடிவு செய்தார். எப்போதும் தவறாமல் பதில் போடும் ஐம்பது பேர், பஸ் டிரைவரும் அதில் ஒருத்தர். அவர்கள் திறந்து படித்துப் பதிலும் எழுதினால் மெயில் கம்பெனிகளின் சந்தேகம் கொஞ்சம் குறையும். அப்புறம் நூறு, இருநூறு என்று மெல்ல ஏறலாம், ஆபரேஷன் செய்த காலுக்குப் பாரம் ஏற்றுவது மாதிரி. இதுவும் குப்பைக்குப் போனால் நாலு வருஷமும் போச்சு.

கடிதத்தை அக்கா இப்படி ஆரம்பித்தார்: நாலு வாரமா எங்க கடிதம் குப்பையில விழுந்துட்டு இருந்தது. அதுக்கப்புறம் நாங்களே நிறுத்திட்டோம். தப்பு உங்களோடது இல்லை, எங்களோடது. எத்தனையாவது பயிற்சியில நிக்கறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அதுவரைக்கும் நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்குங்க.

"தப்புன்னு எழுதணுமாக்கா? பேரு கெட்டுடுமே" என்று முனகினார் மாப்பிள்ளை.

"ஏற்கெனவே குப்பையில கிடக்கோம். இதுக்கும் கீழ எங்க போறது?"

புதன்கிழமை பத்து மணிக்கு அனுப்பினார்கள். பத்தரை வரை ஒரு பதிலும் இல்லை. மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அக்கா டோக்கன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்கு மேசைமேல் போன் அடித்தது.

"அக்கா, வந்துடுச்சுக்கா!" பஸ் டிரைவர். "குப்பையில இல்ல, நேரா வந்துடுச்சு! கால் வீக்கமும் வடிஞ்சுடுச்சு!"

அக்கா டோக்கன் புத்தகத்தை மூடி வைத்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தார். மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் ஏன் போனைப் பிடிச்சுட்டு இருக்கீங்க?" என்றார் அக்கா. "காலைத் தூக்குங்க."