ஒரு நினைப்பு வந்திருக்குது

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்தான் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை; உயிரில்லாமல்தான் வந்தான். அப்பாவும் மாமாவும் ஆஸ்பத்திரியிலிருந்தே அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா மட்டும் ஆட்டோவில் வந்தாள், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு.

அப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே குடியிருந்தோம். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம். அப்பாவுக்குக் கட்டட வேலை, சென்ட்ரிங் அடிப்பது. தம்பி இல்லை என்பது அம்மாவின் உடம்புக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பால் கட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்து, அம்மாவின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவாள். பால் வற்றுவதற்காம். தலையில் வைக்க வேண்டிய பூவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கும் ஒரு முழம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். வழக்கமாக இப்படி அடம்பிடித்தால் முதுகில் ஒன்று விழும். அன்று விழவில்லை.

பால் வற்றியது. அம்மாதான் தேறவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். தட்டில் போட்ட சோறு காய்ந்து போகும். கடைசியில் அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாமல் அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். கூடவே, பேசுவதற்கென்றே அங்கே இருந்த ஒரு கன்னடத்து மேடத்திடம் வாராவாரம் அனுப்பினார்கள். அந்த மேடம் சொன்னதை அப்பா எதிர்வீட்டு அக்காவிடம் விளக்கினார்.

“கண்ணை மூடி உக்காரோணுமாம். நெனப்பு வந்தா வெரட்டக் கூடாதாம். நல்லது கெட்டதுன்னும் பாக்கக் கூடாதாம். வந்திருக்குதுன்னு மட்டும் சொல்லோணுமாம்.”

இதுவும் ஒரு வைத்தியமா என்ற சந்தேகம் அவர் குரலில் இருந்தது.

மத்தியானத்தில் அம்மா ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்காருவாள். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லையாம். வாய்விட்டே சொல்லலாம் என்றார் மேடம். அதிலிருந்து மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தாள். “பையன் மூஞ்சி வந்திருக்குது.” ஒரு மூச்சு. “முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோணும்னு ஒரு நெனப்பு வந்திருக்குது.” இன்னொரு மூச்சு. “கோவம் வந்திருக்குது.” வாசலில் யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வது போல இருக்கும்.

எனக்கு இது ஒரு வகை வீட்டுப்பாடமாகத் தோன்றியது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, “பல்லி வந்திருக்குது” என்றேன். அம்மா கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். “அது பல்லி கண்ணு. நெனப்பு இல்ல” என்றாள். தம்பி விஷயத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்து படியேறி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

“பாப்பா மட்டும் இல்லீன்னா எல்லாத்தையும் விட்டுப்போட்டுப் போயிரலாம்னு ஒரு நெனப்பு வந்திருக்குது.”

பாப்பா என்றால் நான்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, படியிலேயே நின்றேன். அழுகை வரவில்லை. அம்மா ஊருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறாள், எனக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் போக முடியவில்லை. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். நஞ்சன்கூட்டில் இருந்த அத்தை, வரும்போதெல்லாம் என்னைத் தன்னிடமே விட்டுவிடச் சொல்வாள். சத்தம் போடாமல் இறங்கி, பைக்கட்டோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அப்பாவோடு பலமுறை போன வழி. ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஞ்சன்கூடு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் கண்டக்டர் வந்து, யாருடன் வந்தாய் என்று கன்னடத்தில் கேட்டார். “ஒப்பளே” என்றேன். தனியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னை இறக்கி, பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிக்கிற அறைக்குக் கூட்டிப் போனார். அப்பாவின் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். அங்கே இருந்த பெரியவர் நான் சொல்லச் சொல்ல அழுத்தினார்.

அப்பா உடனே எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார்; அவருக்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தவிர அதுவரை வெளியே கால் வைக்காதவள், நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“எங்க கெளம்புன கண்ணு?”

“அத்தை வீட்டுக்கு. நான் இல்லீன்னா நீ போயிரலாம்ல.”

 ‘நான் எப்போது அப்படிச் சொன்னேன்?’ என்று கேட்டு அம்மா அதோடு முடித்திருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை.

“கேட்டுட்டயா?”

“ம்.”

“நெசந்தான். அப்பிடி ஒரு நெனப்பு வந்துச்சு. நான் கூப்பிடல, அதுவா வந்துச்சு. வந்திருக்குதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் இருந்துச்சு, போயிருச்சு. அப்பறம் எந்திரிச்சு உனக்குச் சோறு போட்டு வெச்சேன். உன்னையத்தான் காணோம்.”

“மறுபடி வந்தா?”

“மறுபடியும் சொல்லுவேன். அப்பறமும் உனக்குச் சோறு போடுவேன்.”

“ஊருக்கா போகோணும்னு நெனச்ச?”

அவள் என் பைக்கட்டை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “எங்கயும் இல்ல. வா” என்றாள். அப்பா வந்தபோது நாங்கள் அறை வாசலில் நின்றிருந்தோம். அவர் கையெல்லாம் சிமெண்ட். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். 

அம்மா அதன் பிறகும் பல மாதம் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். எனக்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. எதைக் கேட்டுப் பயம் வந்தாலும் தன்னிடம் வந்து சொல்லச் சொன்னாள். நானும் சிலமுறை போய்ச் சொல்லியிருக்கிறேன். மெல்ல மெல்லத் தட்டில் சோறு காய்வது நின்றது. அடுத்த வருஷம் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் சில மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்திருப்பாள். இப்போது உதடுகூட அசைவதில்லை.

போன வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. பத்துநாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா சில கேள்விகள் கேட்டார். நன்றாகத் தூங்குகிறாயா, அழுகை வருகிறதா என்று கேட்டுவிட்டு, அதே குரலில், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை நான் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று அந்த பஸ் ஸ்டாண்டில் எனக்கு இருந்த ஒரே வருத்தம், அம்மாவால் ஹனூருக்குப் போக முடியாமல் போனதே என்பதுதான். அவளுடைய வழியில் நான் குறுக்கே நிற்கிறேன் என்பதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். அது எங்கே போகிற வழி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விலகி நின்று வழிவிடப் பார்த்தேன்.