பண்ணாடியின் எச்சில்

சோறு வயிற்றுக்குள் போனால்தான் செரிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், "இல்லை, வாயிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது, எச்சில் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது" என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒருவனைக் கண்ணாடிக் குழாயில் துப்பச் சொல்லிப்போட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஈரோட்டுப் பக்கத்து ஊர். எச்சில் பட்ட பாத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா என்று ஊர்க்காரர்கள் ஆளாளுக்குக் குதித்தார்கள். பள்ளிக்கூடத்தை நடத்திவந்த பண்ணாடி, அதாவது ஊரின் பெரிய நிலக்காரர், மத்தியானம் வரச்சொல்லி ஆளனுப்பினார். வேலையில் சேர்ந்தே ஒரு மாசம்தான். சவரம் செய்கிற எங்கள் சாதியில் வாத்தியாரான முதல் ஆள் நான். இது போனால் மறுபடி கத்தியைத்தான் தீட்ட வேண்டும்.

குழாய்களையும் அயோடின் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றேன். எனக்கு அதற்குமேல் இடமில்லை. பண்ணாடி கட்டிலில் உட்கார்ந்து ராகிக் களி தின்றுகொண்டிருந்தார்.

"ஏனப்பா வாத்தியாரே, எச்சல்ல என்னத்தைக் கண்டுபுடிச்சுப்போட்டே?"

"ஒரு வாய் களியை வெச்சுப் பாருங்க. இனிக்குமுங்க."

ஒரு உருண்டையைக் குழம்பில் புரட்டி லபக்கென்று முழுங்கினார். "எங்கே இனிக்குது?"

அட கெரகமே! எங்கள் பக்கம் களியை யார் மென்றார்கள்? உருட்டுவதும் முழுங்குவதும்தான். அது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! "மெல்லோணுமுங்க" என்று கெஞ்சினேன். உள்ளே இருந்து அவர் வீட்டுக்காரம்மா, "களியைப் போயி மெல்லுவாங்களா?" என்று சிரித்தார். பண்ணாடிக்கு ரோஷம் வந்துவிட்டது. மென்றார், மென்றார், எருமை அசைபோடுகிற மாதிரி மென்றார். திடீரென்று வாயை நிறுத்தி உள்ளே திரும்பினார்.

"ஏன் அம்மணி, களியில சக்கரை போட்டியா?"

"நான் எதுக்குப் போடறேன்? கிறுக்குப் புடிச்சுப்போச்சா!"

அதற்குமேல் ஆசாமிக்கு ஆசை அடங்கவில்லை. "உன் எச்சலும் இப்படித்தானா?" என்றார். மூன்று குழாயில் அந்த வீட்டிலேயே வாங்கிய கஞ்சித் தண்ணி ஊற்றினேன். ஒன்றில் அவர் துப்பினார், இன்னொன்றில் நான். மூன்றாவது வெறும் கஞ்சி. கொஞ்ச நேரம் கழித்து மூன்றிலும், மாவைக் கண்டால் நீலமாகிற அயோடினை விட்டேன். வெறும் கஞ்சி கருநீலமாயிற்று. மற்ற இரண்டும் நீலமாகவே இல்லை, மாவு மிச்சமிருந்தால்தானே! அவர் தொடாமல் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இதுல என்னுது எது?"

"தெரியலீங்க."

பண்ணாடிக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அம்மா செம்பை உயரத் தூக்கி என் கையில் தண்ணீர் ஊற்றினார். குடித்தேன்.

"வேலையில இருந்துக்கோ" என்றார் பண்ணாடி. "ஆனா பள்ளிக்கூடத்துல ஒருத்தன் எச்சலை வெச்சே காட்டு. ரெண்டு பேருது வேண்டாம்."

"ஆகட்டுங்க" என்றேன். பயம்தான், பொய் சொல்லுவானேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிசு. மறுநாள் வகுப்பில் அத்தனை பேரையும் துப்பச் சொல்லிக் குழாய்களை ஒரே வரிசையில் வைத்தேன். எது யாருடையது என்று எழுதி ஒட்டவில்லை.