பதினாறு டிகிரி என்று சொன்ன கணினி

கறுப்புத் திரையில் பதினாறு புள்ளி எட்டு டிகிரி என்று நின்றது. மே மாத நடுப்பகல், மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனையும் கேரள எல்லைப் பாறசாலையில், எங்கள் கிறிஸ்தவ சபையின் புதுக் கணினி மட்டும் ஊட்டியில் இருந்ததாம்! அந்த எண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சாட்சிக்கு நிறுத்தித்தான் என் அக்காவைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

அக்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறாள். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில்தான் கணினி கற்றுக்கொடுக்கிறார்கள். அவளும் அப்படிப் படித்தவள். ஞாயிறு ஆராதனையையும் கல்யாணங்களையும் அடக்க ஆராதனைகளையும் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையாகக் காட்டுவது அவள் பொறுப்பு. சபைக்குப் புதுக் கணினி வந்தபோது அதிலும் லினக்ஸையே போட்டாள். அதை வைப்பதற்கு, மஸ்கட்டில் வேலைபார்க்கும் எங்கள் சபை அண்ணன் ஒருவர் தேக்கு அலமாரி செய்துகொடுத்தார். கண்ணாடிக் கதவு, பூட்டு, முகப்பில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்த அலமாரி என்பதால் கணினி அதற்குள்தான் இருக்க வேண்டும், கதவும் பூட்டியே இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. "உள்ள காத்து போகண்டாமா?" என்று அக்கா கேட்டாள். "காத்து போனா பல்லியும் போவும், மக்கா" என்றார் சபைச் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

சில மாதங்களில் அந்த மஸ்கட் அண்ணனின் அப்பா இறந்துபோனார். விடுப்புக் கிடைக்காமல் மகன் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் கடைசியாக முகம் பார்த்து முத்தமிடும் நேரத்தில் கணினி தானாக அணைந்தது. அக்கா அதை மறுபடி எழுப்பியபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

பூட்டிய அலமாரிக்குள் ஏறிய சூடுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும், காட்டத்தான் வழியில்லை. வெப்ப உணரிகளைத் தேடும் கட்டளையைக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு, உணரி எதுவும் இல்லை என்று அது கைவிரித்தது. கிடைத்தது அந்தப் பதினாறு புள்ளி எட்டு மட்டும். அது மதர்போர்டு செய்தவர்கள் ஒப்புக்கு எழுதிவைத்த எண். கணினி எரிந்தாலும் மாறாது. செயலாளர் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டார். "பதினாறு டிகிரியாக்கும் காட்டுது. பின்ன எங்க சூடு? இவ போட்ட லினக்ஸாக்கும் சதிச்சது" என்று கமிட்டியில் சொன்னார். படம் மஸ்கட்டுக்கும் போனது. நேரலைப் பொறுப்பும் அவள் கையைவிட்டுப் போனது.

அக்கா விடவில்லை. கணினியின் மூளையான புராசசர் புதிது, லினக்ஸின் உட்கருவான கெர்னல் பழையது. அதற்கு இந்தப் புராசசரை அடையாளம் தெரியவில்லை என்று கண்டுபிடித்தாள். புதிய கெர்னலை ஏற்றியதும் உண்மையான எண் வந்தது. அலமாரியைப் பூட்டிவிட்டு, செயலாளரைப் பக்கத்தில் நிறுத்தி, நேரலையை ஓட்டிக் காட்டினாள். அறுபது, எண்பது என்று ஏறி, தொண்ணூற்றைத் தாண்டி, அவர் கண்முன்னே கணினி அணைந்தது. அந்த மனிதர் சொன்னது இவ்வளவுதான்: "செரி, நீ சொன்னது உள்ளதுதான். ஆனா இத மஸ்கட்டுல சொல்லண்டாம். அவரு தந்த அலமாரியில்லியா, மனசு நோவும்." காணிக்கை கொடுத்தவர் மனசு நோகக் கூடாது. என் அக்காவின் மனசு கணக்கிலேயே இல்லை. அவளைக் கடைத்தெருவில் கண்டு முகம் திருப்பியவர்கள் அத்தனை பேரிடமும் நான் எப்படிப் போய்ச் சொல்ல?

அடுத்த விடுப்பில் மஸ்கட் அண்ணன் நேராக அக்காவின் கடைக்கு வந்தார். "எங்கப்பன் மொகத்த நான் காணாமப் போனது உன்னாலயாக்குமே?" என்றார். அக்கா அவரைச் சபைக்குக் கூட்டிப்போனாள். அலமாரியைப் பூட்டி, எண் ஏறுவதையும் கணினி அணைவதையும் அவருக்கும் காட்டினாள். அவர் கண்ணாடிக் கதவில் கை வைத்துப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற செயலாளரிடம் திரும்பி, "இத ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மனசு நோவுமேன்னாக்கும்..."

"அப்பன் மொகத்தக் காணாததவிட இது நோவுமா?"

செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். கணினி இப்போது திறந்த மேசையில் இருக்கிறது. நேரலையையும் மறுபடி அவளே பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் மட்டும் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.