ஏழாவதற்குப் பெயர் இல்லை

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, 2003ஆம் ஆண்டு வசந்தத்தில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு பாஸ் கிட்டார் வந்து சேர்ந்தது. அது எங்களுடையது அல்ல. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் மன்றம் எனக்கு இரவல் தந்தது. மன்றத்தின் இசைக்குழுவில் பாஸ் வாசித்த பெண் குடும்பத்தோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். கோடை விழாவுக்கு ஆள் தேவைப்பட்டது. நான் கையை உயர்த்தினேன். பாஸ் ஒலிக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த வேலை எனக்குப் பொருந்தும் என்று தோன்றியது.

வீட்டில் அதைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதென்ன பிள்ளை, உலக்கை மாதிரி?"

"உலக்கையிலை கம்பி இராது. இதிலை நாலு கிடக்கு," என்று அப்பா எனக்காக வாதாடினார்.

அம்மா யாழ்ப்பாணத்தில் முறையாகச் சங்கீதம் படித்தவர். ஒஸ்லோவில் குழந்தைகள் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்தார். ஞாயிறு தோறும் என்னை வாய்ப்பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போய், வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருப்பார். பாஸ் கிட்டாரை அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"வாசிக்கிறதெண்டால் சுருதிப்பெட்டியைப் போட்டிட்டு வாசி. சுருதி இல்லாமல் இந்த வீட்டிலை ஒரு சத்தமும் வரக்கூடாது."

"அப்ப என்ரை குறட்டை?" என்றார் அப்பா.

"அதுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

மன்றத்தில் எங்களுக்கு இசை சொல்லித் தந்தவர் ஓர் இளம் நோர்வேஜியர். குளிரோ வெயிலோ, வகுப்பறைக்குள் கம்பளிக் காலுறையோடுதான் நடப்பார். அவர் எனக்கு மேஜர் ஸ்கேலின் ஏழு மோடுகளைக் காட்டினார். பியானோவின் வெள்ளைக் கட்டைகளை C-யிலிருந்து C வரை வாசித்தால் ஒன்று. அதே கட்டைகளை D-யில் தொடங்கி D-யில் முடித்தால் இரண்டாவது. அதன் பெயர் டோரியன். E-யில் தொடங்கினால் மூன்றாவது. இப்படியே ஏழு. ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு, ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும் என்றார். வெள்ளிக்கிழமை அவர் வாசிக்க வாசிக்க, எது எந்த மோடு என்று நான் காதால் சொல்லவேண்டும். சொன்னால் இசைக்குழுவில் இடம். சொல்லாவிட்டால் ரொம்மனிலிருந்து வரும் ஒரு பையன் காத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து, ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் இடைவிடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியைப் போட்டேன். C மேஜர் என்பது எனக்குத் தெரிந்த சங்கராபரணம்தான்; அதில் C-தான் ஆதார சுரமான ஸட்ஜம். ஆகவே பெட்டியின் சுருதியை ஒரு கட்டைக்கு, அதாவது C-க்கு, வைத்தேன். என் வாய்ப்பாட்டு வகுப்பில் ஸட்ஜத்தை ஒருமுறை வைத்துவிட்டால், பாடி முடியும்வரை யாரும் அதை அசைப்பதில்லை. நானும் அசைக்கவில்லை. பெட்டி C-யில் ரீங்கரித்துக்கொண்டே இருக்க, ஏழு மோடுகளையும் வரிசையாக வாசித்தேன்.

ஏழும் ஒன்றாகவே கேட்டன. டோரியன் என்பது சங்கராபரணத்தை இரண்டாம் சுரமான ரிஷபத்திலிருந்து பாடுவது. மூன்றாவது, அதையே காந்தாரத்திலிருந்து பாடுவது. முகமாவது மூக்காவது! அந்த வாரம் முழுவதும் விரல் நுனி தடிக்கும்வரை வாசித்தேன். எதுவும் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. வியாழக்கிழமையானபோது, ஒரே ஸ்கேலுக்கு ஏழு பெயர் வைத்து நோர்வேஜியர்கள் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

அன்று பின்னேரம் அப்பா காலை பஸ் ஓட்டிவிட்டு வந்து சோபாவில் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து இரண்டாவது மோடை வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினியில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, சுருதிப்பெட்டியின் திருகாணி ஒன்றைத் திருப்பினார்.

சத்தம் குறையவில்லை. ரீங்காரம் C-யிலிருந்து நழுவி D-யில் போய் நின்றது. என் விரல்கள் நிற்கவில்லை. D-யிலிருந்து D வரை ஏறிக்கொண்டே இருந்தன. ஆனால் அறைக்குள் வேறு யாரோ வந்துவிட்டது போல இருந்தது. அதே கம்பிகள், அதே சுரங்கள். சற்று முன்வரை ரிஷபமாக இருந்த சுரம் இப்போது வீட்டுக்காரர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. மற்றவையெல்லாம் அதற்கேற்பத் தங்கள் குணத்தை மாற்றிக்கொண்டிருந்தன.

குசினியிலிருந்து குரல் வந்தது. "ஆரது கரகரப்பிரியா வாசிக்கிறது?"

"நான்தான் அம்மா. இது டோரியன்."

"என்னவோ ஒண்டு. நிப்பாட்டாதை, வாசி."

அம்மா அகப்பையோடு வந்து நின்றார். நான் ஆசிரியர் சொன்ன வெள்ளைக் கட்டைக் கதையைச் சொன்னேன். அம்மாவின் கண்கள் பெரிதாகின.

"அட, இது கிரகபேதமெல்லோ! ஸட்ஜத்தை மாத்தினால் ராகம் மாறும் எண்டு பரீட்சைக்குப் பாடமாக்கினனான். முழுப் புள்ளியும் எடுத்தனான். ஒருநாளும் காதாலை கேட்கேல்லை."

"நான் சத்தத்தைக் குறைக்கத்தான் திருப்பினனான்," என்றார் அப்பா, சோபாவிலிருந்து.

"கலியாணம் கட்டி இத்தனை வருசம், எந்தத் திருகாணி எதுக்கு எண்டு தெரியாது. நல்லகாலம் தெரியாமல் போச்சு. தள்ளிப் படுங்கோ."

அம்மா தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். பெட்டியை மூன்று கட்டைக்குத் திருப்பினார். நான் E-யிலிருந்து வாசித்தேன். "தோடி!" என்று தொடையில் தட்டினார். தோடியை இப்படி வெறுமனே விடக்கூடாது, அசைக்கவேண்டும் என்று என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அழுத்திப் பார்த்து, "அம்மாடி, இது கம்பியோ, கேபிளோ?" என்று உதறிக்கொண்டார். நாலு கட்டையில் கல்யாணி வந்தது. ஐந்தில் அரிகாம்போதி. ஆறில் நடபைரவி. ஒவ்வொன்றும் வரும்போது, கதவைத் திறந்து விருந்தாளியை வரவேற்பவர் போல அம்மா அதன் பெயரை உரக்கச் சொன்னார். எனக்கும் இப்போது முகங்கள் தெரிந்தன. சிரித்தது கல்யாணி. முறைத்தது தோடி.

"பொரியல் கருகுது," என்றார் அப்பா.

"கருகட்டும்."

ஏழு கட்டையில் மட்டும் சிக்கல். B-யிலிருந்து நான் ஏறினால், சுருதிப்பெட்டியின் பஞ்சமத்தோடு ஐந்தாவது சுரம் முட்டிக்கொண்டு நின்றது. அம்மா முகத்தைச் சுளித்தார்.

"இதுக்குப் பஞ்சமமே இல்லை. இது ராகமில்லை, விடு. இதுக்குப் பேரும் இல்லை."

அன்று கருகிய பொரியலையும் பாண் ரொட்டியையும் சாப்பிட்டோம். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கீபோர்டில் ஒரு கீழ்ச்சுரத்தை அழுத்திப் பிடித்தபடி, மேலே ஒரு மோடை வாசித்தார். எனக்கு முதலில் ராகத்தின் பெயர்தான் வந்தது. அதை மோடின் பெயராக மாற்றிச் சொன்னேன். ஆறையும் சரியாகச் சொன்னேன். கடைசி ஒன்றை வாசித்தபோது, "இதை எங்கள் அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கீபோர்டு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. அது லோக்ரியன், தானும் இதுவரை ஒரு பாட்டில்கூட அதைச் சேர்த்ததில்லை என்றார். பிறகு எழுந்து போய், விழாவின் பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் மெட்ரோ நிலையத்தைத் தாண்டி வீடுவரைக்கும் ஓடினேன். ரொம்மன் பையனுக்குத் தாளவாத்தியம் கிடைத்தது. அவன் என்னைவிடச் சந்தோசமாக இருந்தான் என்று பிறகு அறிந்தேன்.

வாசலிலேயே அம்மாவிடம் சொன்னேன். கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். நான் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள், "அந்தப் பேரில்லாததை ஒருக்கா வாசி பாப்பம்," என்றார்.

வாசித்தேன். அம்மா கூடவே பாடினார். நாலாவது சுரம்வரை ஒழுங்காக வந்து, ஐந்தாவதில் வழுக்கி, பழக்கமான பஞ்சமத்தில் போய் விழுந்தார். சிரித்தார். "இன்னொருக்கா."

மறுபடியும் அதே இடத்தில் விழுந்தார். நான் அந்த ஒரு சுரத்தை மட்டும் தனியே வாசித்து, "கவனமாக் கேளுங்கோ, அம்மா," என்றேன்.

"ஓம் ரீச்சர்," என்று கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பவும் விழுந்தார். சோபாவிலிருந்து அப்பா சத்தமாகச் சிரித்தார்.

அம்மாவுக்கு அந்தச் சுரம் பிடிபடவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. பரவாயில்லை, நாளைக்கும் சொல்லித் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னேன். கரகரப்பிரியாவைக் குசினியிலிருந்தே இனங்கண்டவர், ஒரே சுரத்தில் அத்தனை தடவை தற்செயலாக வழுக்கமாட்டார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.