ஒற்றைக் கைச் சண்டியன்

என் மேசை லாச்சியில் பேனாக்களுக்கு நடுவே நீளமான எஃகு இடுக்கி ஒன்று கிடக்கிறது. நுனி மட்டும் மெலிந்து வளைந்திருக்கும். மீன்தொட்டிக்குள் கையை நனைக்காமல் செடி நடுவதற்கென்றே இப்படி ஒன்றை விற்கிறார்கள். இப்போது என்னிடம் தொட்டியும் இல்லை, செடியும் இல்லை. ஆனாலும் லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்து இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைக்கிறேன். என் மாமியார் விட்டுவிட்டுப் போன பொருள் அது. உடனே அவர் மண்டையைப் போட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூடத் தொலைபேசியில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவர் அவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்கள் விட்டுப்போகும் குழந்தைகளையெல்லாம் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர். குரல் அப்படி. ஆனால் அந்தக் குரல் என்னை நோக்கி நேராக வந்ததே கிடையாது. மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர் பிடிவாதம். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுவரும் நானும் சேர்ந்தே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து பலாபத்வலவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தபோது பேச்சு திரும்பியிருந்தது, காலும் ஓரளவு திரும்பியிருந்தது. வலது கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. சுடுதேத்தண்ணி அந்த விரல்களில் சிந்தியும் அவருக்குத் தெரியவில்லை, நாங்கள்தான் பதறினோம். அவரை உடைத்துப்போட்டது வேறொன்று. சிலுவை அடையாளம் போட முடியவில்லை. இடது கையால் போடலாம், ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று கோயிலில் பங்குச் சுவாமி வரை சொல்லிப் பார்த்தார்கள். "அவரு குடுத்த கை இது. இதால போடுவேன், இல்லாட்டி போடவே மாட்டேன்" என்று முடித்துவிட்டார். செபம் சொல்லும் நேரத்தில் நாங்கள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோக, அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிடித்துப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரித் தாதி மிஸ் கொடுத்த பஞ்சுப் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. "பந்து விளையாட நான் என்ன சின்னப்புள்ளையா?" என்பது அதற்குக் கிடைத்த பதில்.

அந்த நாட்களில்தான் நான் கிரேஃபிஷ் வாங்கினேன். நன்னீரில் வாழும் பிராணி அது. இறாலுக்கு நண்டின் கைகளை ஒட்டியது போல் இருக்கும். கூடத்து ஸ்டூலில் சிறிய தொட்டி ஒன்று வைத்திருந்தேன். எங்கள் ஓடைகளில் வளரும் அகல இலைச் செடியும், நாடாபோல் நீளும் இன்னொன்றும் அதில் பச்சைப்பசேலென்று நின்றன. மாத்தளைக் கடையில் நீல நிறத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவனைத் தேர்ந்தெடுத்து, பொலித்தீன் பையில் தண்ணீரோடு கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பின்னேர பஸ். நெரிசலில் யாரோ பையோடு என்னைக் கம்பியில் வைத்து நசுக்கினார்கள். வீட்டில் பையை அவிழ்த்தபோது வலது கை தனியாகத் தண்ணீரில் மிதந்தது. ஆபத்து என்றால் இவை கையைக் கழற்றிப் போட்டுவிடும், பிறகு ஓடு மாற்றும்போது புதிதாக முளைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா இருக்கிற வீட்டுக்கு இதையா கொண்டுவந்தீங்க?" ஆனால் மாமியார் நாற்காலியை விட்டு எழுந்துவந்து தொட்டிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். "இதுக்கும் சோத்துக் கை போயிருச்சா?" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் குரலில் ஓர் உயிர் இருந்தது. திரும்ப முளைக்கும் என்று என் மனைவி சொல்ல, இடது கை விரலால் தொட்டிக் கண்ணாடியைத் தட்டினார். "சரிடா சண்டியா. யாருக்கு முதல்ல வருதுன்னு பாப்பம்."

சண்டியன் என்ற பேர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, அவனும் பேருக்கேற்ற மாதிரித்தான் நடந்தான். பகல் முழுக்க நான் வைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒளிந்திருப்பான். விடிந்து பார்த்தால் செடிகளெல்லாம் வேரோடு மிதக்கும். நான் கந்தோருக்குப் போகும் அவசரத்தில் ஒன்றிரண்டை இடுக்கியால் நட்டுவிட்டு ஓடுவேன். மிச்சத்தைப் பின்னேரம் வந்து பார்த்தால் யாரோ நட்டிருப்பார்கள், கோணல்மாணலாக. மனைவி என்று நினைத்தேன். ஒருநாள் தலைவலி என்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். மாமியார் ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, அந்தச் செத்த விரல்களுக்குள் இடுக்கியைச் செருகிவைத்துக்கொண்டு செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செடி நழுவுகிறது, திரும்பப் பிடிக்கிறார், திரும்ப நழுவுகிறது. வியர்த்துக் கொட்டியது. சண்டியனுக்கு விழுந்த வசவையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான் சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நமக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. பாவம், கிழவி இவ்வளவு பாடுபடுகிறாரே என்று இரக்கப்பட்டு, அடுத்த ஞாயிறு செடிகளையெல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கல்லோடு நூலால் இறுக்கிக் கட்டித் தொட்டிக்குள் வைத்தேன். சண்டியன் தலைகீழாக நின்றும் ஒன்றையும் பிடுங்க முடியவில்லை. பெருமையாக இருந்தது. மாமியாரோ சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். இரண்டாம் நாள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "காலையில எந்திரிச்சா எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு. கெட்டிக்காரத்தனமா அதையும் கட்டிப்போட்டாச்சு" என்றார். சுவர் பதில் சொல்லவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்து நூலையெல்லாம் வெட்டினேன். அன்று ராத்திரி சண்டியன் வட்டியும் முதலுமாய்ப் பிடுங்கிப் போட்டான்.

அதன்பிறகு யாரும் குறுக்கே போகவில்லை. அவன் பிடுங்குவான், அவர் நடுவார். மணிக்கட்டைத் தாங்கிய இடது கை முதலில் முழங்கைக்கு இறங்கியது, பிறகு மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு காலையில் தொட்டியின் அடியில் சண்டியன் மல்லாந்து கிடந்தான். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வலையைத் தேடினேன். மாமியார் கையைக் காட்டித் தடுத்தார். "ஓடு மட்டுந்தான் கெடக்கு. ஆளு உள்ள இருக்கான்." சிரட்டைக்குள் பார்த்தால், வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டு புதுத் தோலோடு இருந்தான். வலப்பக்கம் குண்டூசித் தலையளவில் ஒரு முளை. அடுத்த தரம் ஓடு மாற்றியபோது அது மெல்லிய, முழுசான கையாகவே வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டான் பய" என்று மாமியார் சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. அவர் விரல்கள் அசையத் தொடங்கியிருந்தாலும் மரத்துத்தான் கிடந்தன. கை நெஞ்சுக்கு மேலே ஏறவுமில்லை. அன்றைக்குச் செடி நடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனால் மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்தார். பௌர்ணமிப் போயா நாள், கந்தோர் லீவு. நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இடுக்கி நழுவித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. எடுப்பதற்காக அவர் வலது கையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார். தன் வீட்டுக்குள் கை நீட்டினால் சண்டியன் சும்மா இருப்பானா? புதுக் கையால் அவர் சுட்டுவிரலைக் கவ்விவிட்டான்.

"தம்பி! தம்பி! ஓடியாங்க! வலிக்குது!"

ஈரச் சாரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாயெல்லாம் சிரிப்பு. "வலிக்குதுங்க தம்பி, நல்லா வலிக்குது!" என் முகத்தைப் பார்த்து, என்னிடம், சுவருக்கு ஒரு பங்கும் வைக்காமல். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மருந்து போடலாம் அத்தை என்றேன். "போடாதீங்க, கொஞ்ச நேரம் வலிக்கட்டும்" என்றார்.

நத்தார் காலைப் பூசைக்கு அவரை நடுவில் வைத்து நாங்கள் இருபுறமும் நின்றோம். பிதா என்று சுவாமி தொடங்கியதும் நான் வேண்டுமென்றே பாலன் குடிலைப் பார்த்தேன். பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு பொறுக்க முடியாமல் திரும்பினேன். கை நெற்றியில் இருந்தது. கோயில் முழுக்க ஆமென் சொல்லி முடித்தும் அவர் கை அவசரப்படவில்லை. நெஞ்சுக்கு இறங்கி, இடது தோளைத் தொட்டு, வலது தோளுக்கு வந்து சேர்ந்தது. முன் பெஞ்சில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, தனியாக, ஆமென் என்றார். பிள்ளைக்காம்பராவின் பழைய குரல் அது. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது, தொட்டியையும் கொண்டுபோங்கள் என்று நானே சொன்னேன். த்ரீவீலில் கல்லும் செடியும் போட்ட தொட்டி என் மடியில். சண்டியனை வைத்த வாளி அவர் மடியில். தோட்டத்து ரோட்டின் குழிகளில் வண்டி எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாளியின் வாயை அவர் வலது கையால் பொத்திப் பிடித்தபடியே வந்தார். வீட்டில் திறந்து பார்த்ததும், "ரெண்டு கையும் இருக்கு" என்றார். பஸ்ஸில் நான் கொண்டுவந்த லட்சணத்தைச் சொல்லிக் காட்டுகிறார் என்று புரிந்தது. தொட்டியை அமைத்து முடித்து, துண்டில் சுற்றி வைத்திருந்த இடுக்கியை நீட்டினேன். அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது எனக்கு எதுக்கு தம்பி? கைதான் இருக்கே."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டு, முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு முதல் செடியை ஊன்றினார். போன ஞாயிறு போனில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இந்த விஷயத்தில்தான். சண்டியன் தொட்டிச் செடியையெல்லாம் புரட்டிப்போட்டிருக்கிறானாம், வந்து பார்க்க எனக்கு நேரமில்லையாம். இடுக்கி என் லாச்சியில்தான் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். அது உண்மையோ என்னவோ, இனி அதை நனைக்கிற தேவை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.